12–2 என்ற எண்ணுக்குப் பின்னால்: எம்.எம்.ஏ. வீரரின் தொழில் வாழ்க்கை எப்படி நடக்கிறது?

2013 ஏப்ரல் 6, ஸ்டாக்ஹோம். எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் பெரிய அமெரிக்க நிறுவனமான யூ.எஃப்.சி.யின் போட்டியில் முதன்முறையாக இறங்கும் 24 வயது அயர்லாந்து இளைஞர் ஒருவர், சண்டை நடக்கும் கூண்டை நோக்கி நடந்து வருகிறார். திரையில் அவர் பெயருக்கு அடியில் 12–2 என்று இரண்டு எண்கள். மணி அடித்த 67 நொடிகளில் சண்டை முடிந்துவிட்டது. அன்றிரவின் சிறந்த நாக் அவுட்டுக்கு என்று 60,000 டாலர் தனியாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம்வரை வாரம் 188 யூரோ அரசு உதவித்தொகையில் காலம் தள்ளிக்கொண்டிருந்ததாக அவரே சொன்னார். பிளம்பர் வேலை பழகப் போய்ப் பாதியில் விட்டவர். பெயர் கானர் மெக்ரெகர்.

கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் எம்.எம்.ஏ.வைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் அந்த 67 நொடியைப் பார்க்கிறார்கள், 60,000 டாலரைப் பார்க்கிறார்கள். 12–2 கண்ணில் பட்டும் படாமலும் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் இந்தத் தொழில் முழுவதும் அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது. வீரர் யாரோடு மோதுவார், எவ்வளவு சம்பளம் வாங்குவார், எந்த வயதில் வெளியேறுவார் என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் போதும், மற்றவை தானாகப் பிடிபடும்.

முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி. சமநிலை இருந்தால் மூன்றாவது எண்ணும் வரும். இதற்கு ரெக்கார்ட் என்று பெயர். தொழில்முறைச் சண்டைகள் மட்டுமே இதில் ஏறும். அமெச்சூர் சண்டைகள் கணக்கில் வராது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, எப்படித் தோற்றார் என்பது. மெக்ரெகரின் அந்த இரண்டு தோல்விகளும் சப்மிஷன் வகை. அதாவது தரையில் எதிராளியின் பிடியில் மாட்டி, இனித் தாங்காது என்று கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. 2016-ல் நேட் டயஸிடம் தோற்றபோதும் கழுத்துப் பிடியில் தட்டினார். 2018-ல் கபீப் நுர்மகொமேதோவிடமும் அதேதான். முதல் நான்கு தோல்விகளும் ஒரே வாசல் வழியாக வந்திருக்கின்றன. நின்று குத்தினால் ஆபத்தானவர், தரைக்கு இழுத்தால் வழி பிறக்கும் என்று எதிராளிகளின் கோச்சுகள் படித்தது அந்த இரண்டாவது எண்ணிலிருந்துதான்.

என்ன விளையாட்டு இது?

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு, முவே தாய் எல்லாம் ஒரே கூண்டுக்குள் செல்லுபடியாகும் விளையாட்டு. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. போட்டியில் எடைப் பிரிவே கிடையாது. விதிகள் என்று சொல்ல அதிகம் இல்லை. எந்தக் கலை சிறந்தது என்ற பழைய வாதத்துக்கு அன்று விடை தேடினார்கள். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான உடல்வாகு கொண்ட ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ஒரே இரவில் மூவரை வென்று பட்டம் வாங்கினார்.

இன்றைய வடிவம் 2000-ஐ ஒட்டி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உருவான ஒருங்கிணைந்த விதிகளிலிருந்து வந்தது. சாதாரணச் சண்டை 5 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, பட்டச் சண்டையும் யூ.எஃப்.சி.யில் அன்றிரவின் முதன்மைச் சண்டையும் 5 ரவுண்டு. எடைப் பிரிவுகள் உண்டு. கண்ணில் விரலை விடுவது, பின்தலையில் அடிப்பது, தரையில் கிடப்பவரின் தலையில் உதைப்பது எல்லாம் தடை. நாக் அவுட்டோ சப்மிஷனோ இல்லையென்றால் 3 நடுவர்கள் ரவுண்டு வாரியாகப் புள்ளி போடுவார்கள். ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. இந்த 10-க்கும் 9-க்கும் நடுவே ஒரு குடும்பத்தின் அரை வருடச் செலவு தொங்குவதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

எண் எப்படி ஏறுகிறது

எம்.எம்.ஏ. வீரராகவே பிறந்தவர் என்று யாரும் இல்லை. ஏதாவது ஒரு கலையில் வேர் இருக்கும். டேனியல் கோர்மியே இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இடம்பிடித்த மல்யுத்த வீரர். ரோண்டா ரவுஸி 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்றவர். அந்த வேரை வைத்துக்கொண்டு, தெரியாத மற்ற கலைகளைப் பல ஆண்டுகள் கற்க வேண்டும். நாளெல்லாம் மல்யுத்தம் செய்து பழகியவருக்கு முகத்தில் விழும் முதல் குத்து எப்படி இருக்கும் என்பது பயிற்சிக் கூடத்தில்தான் தெரிய வேண்டும். கூண்டுக்குள் தெரிந்தால் தாமதம்.

பிறகு அமெச்சூர் சண்டைகள். ரவுண்டு நேரம் குறைவு, பல இடங்களில் முழங்கை அடிக்குத் தடை, சம்பளம் கிடையாது. ரெக்கார்டில் ஏறாமல் தவறு செய்யக் கிடைக்கும் ஒரே இடம் இது. இதை அவசரமாகத் தாண்டுவது அகலக்கால் வைப்பது. இரண்டு அமெச்சூர் சண்டையோடு தொழில்முறைக்குத் தாவி, 2–4 என்று முடிந்துபோகும் திறமைசாலிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

தொழில்முறையின் முதல் படி, பெயர் தெரியாத சிறு போட்டிகள். ஐரோப்பாவில் கேஜ் வாரியர்ஸ், அமெரிக்காவில் எல்.எஃப்.ஏ., பிரேசிலில் ஜங்கிள் ஃபைட் போன்றவை அதற்கு மேலே இருக்கும் நடுத்தரப் படி. அடிப்படியில் சம்பளம் மிகக் குறைவு. பல இடங்களில் வீரர் கையிலேயே டிக்கெட்டுக் கட்டைக் கொடுத்து, விற்றுக் கொடுத்தால் பங்கு என்பார்கள். பகலில் வேலைக்குப் போய், மாலையில் பயிற்சி செய்து, இடையில் சொந்தக்காரர்களிடம் டிக்கெட் விற்கும் ஆள்தான் சனிக்கிழமை இரவு கூண்டுக்குள் நிற்கிறார்.

யாரோடு மோதுவது என்பதை இங்கே கோச்சும் மேனேஜரும் முடிவு செய்கிறார்கள். வீரரின் கைக்கு வராத அந்த முடிவு அவர் வாழ்க்கையையே திருப்பும். மிகச் சுலபமான எதிராளிகளாகப் பார்த்துப் பொறுக்கினால் 10–0 என்று அழகாக வந்துவிடும். ஆனால் அந்தப் பத்துப் பேரின் ரெக்கார்டும் 1–8, 0–5 என்று இருந்தால் அது காற்றடைத்த பை. ஷெர்டாக், டபாலஜி போன்ற தளங்களில் ஒவ்வொரு வீரரின் எதிராளிகளையும் அவர்கள் ரெக்கார்டையும் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். புதிய ரசிகர்களும் அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

தோல்வியைக் கண்டு அதிகம் பயப்படவும் தேவையில்லை. தோற்பதற்கு இத்தனை வழிகள் உள்ள விளையாட்டில் தோல்வியே இல்லாதவர் அபூர்வம். சார்ல்ஸ் ஒலிவேரா 2010-ல் யூ.எஃப்.சி.க்குள் வந்தார். தோற்றார், எடைப் பிரிவு மாற்றினார், மறுபடி தோற்றார். 2021 மே மாதம் சாம்பியன் பெல்ட்டை இடுப்பில் கட்டியபோது அவர் ரெக்கார்டில் 8 தோல்விகள் இருந்தன. 11 ஆண்டு பொறுமை அது. அந்த 8-ஐத்தான் நான் அவருடைய தகுதிச் சான்றிதழாகப் பார்க்கிறேன்.

சண்டை 15 நிமிடம், வேலை 10 வாரம்

சண்டை உறுதியானதும் கேம்ப் தொடங்கும். வழக்கமாக 8 முதல் 12 வாரம். எதிராளியின் பழைய சண்டைகளைப் பார்த்து, அவர் பாணியில் சண்டையிடக்கூடிய பயிற்சித் துணைகளைத் தேடி, வாரம் பலமுறை ஸ்பாரிங் செய்வார்கள். ஸ்பாரிங் என்றால் உண்மையான சண்டை போலவே, ஆனால் பெரிய கையுறையோடு, கட்டுப்பாட்டோடு மோதிப் பழகுவது.

கட்டுப்பாடு என்ற சொல்லில்தான் சிக்கல். பழைய பயிற்சிக் கூடங்களில் ஸ்பாரிங்கே முழுச் சண்டையாக நடந்தது. ஆண்டுக்கு 2, 3 முறை கூண்டுக்குள் வாங்கும் அடியைவிட, கணக்கில் ஏறாத அடிகளை வீரர்கள் பயிற்சியில் அதிகம் வாங்கினார்கள். 2021 ஜனவரியில் மேக்ஸ் ஹாலோவே, ஸ்பாரிங்கே செய்யாமல் தயாரானதாகச் சொல்லிவிட்டுக் கால்வின் கேட்டரோடு மோதினார். அந்த 5 ரவுண்டில் 445 முக்கிய அடிகளைப் பதித்தார்; யூ.எஃப்.சி.யில் அதுவரை யாரும் ஒரே சண்டையில் அவ்வளவு பதித்ததில்லை. எல்லோருக்கும் அந்த வழி பொருந்தாது. ஆரம்ப நிலையில் இருப்பவர் ஸ்பாரிங் இல்லாமல் கற்கவே முடியாது. ஆனால் தலைக்குள் இருப்பது செலவழிந்தால் திரும்ப வராத சேமிப்பு என்பதை இன்றைய கோச்சுகள் பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கேம்ப்பின் கடைசி வாரம்தான் இந்தத் தொழிலின் மிகக் கொடுமையான பகுதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதே இல்லை. எடைக் குறைப்பு, வீரர்கள் சொல்லில் வெயிட் கட்.

70.3 கிலோ பிரிவில் சண்டையிடுபவர் சாதாரண நாளில் 78, 80 கிலோ இருப்பார். எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள் காலை. அந்த ஒரு நிமிடம் தராசில் 70.3 காட்டினால் போதும். அதன்பின் ஒரு நாளுக்கு மேல் நேரம் இருக்கிறது, குடித்தும் சாப்பிட்டும் ஏற்றிக்கொள்ளலாம். கூண்டுக்குள் போகும்போது எதிராளியைவிடப் பெரிய ஆளாக இருக்கலாம் என்பது கணக்கு. எதிராளியும் அதே கணக்கைப் போடுவதால் யாருக்கும் லாபமில்லை. ஆனாலும் முதலில் நிறுத்துபவருக்கு நஷ்டம் என்பதால் யாரும் நிறுத்துவதில்லை.

கொழுப்பை வாரக்கணக்கில் குறைத்துவிடலாம். கடைசியில் மிஞ்சும் 4, 5 கிலோ வெறும் தண்ணீர். வாரத் தொடக்கத்தில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்து, உப்பை நிறுத்தி, உடலை அதிகம் சிறுநீர் கழிக்கப் பழக்குவார்கள். பிறகு திடீரென்று குடிப்பதை நிறுத்துவார்கள். உடல் பழைய வேகத்திலேயே நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். கடைசி இரவு சுடுநீர்த் தொட்டி, சானா அறை, வியர்வை கொட்ட வைக்கும் பிளாஸ்டிக் உடை. எழுந்து நிற்க முடியாமல் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துத் தராசுக்குக் கூட்டிவரும் நிலையில் உள்ளவர்தான் மறுநாள் இரவு முகத்தில் குத்து வாங்கப் போகிறார். நீர் வற்றிய உடலில் மூளை அடியைத் தாங்குவது குறையும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கோர்மியே ஒரு சண்டைகூட ஆடவில்லை. எடையைக் குறைக்கப் போய்ச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தார். அவர் பிழைத்து, எம்.எம்.ஏ.வுக்கு வந்து, இரண்டு எடைப் பிரிவுகளில் சாம்பியன் ஆனார். யாங் ஜியான்பிங் என்ற 21 வயது சீன வீரருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2015 டிசம்பரில் மணிலாவில், சண்டைக்கு முன் எடைக் குறைப்பின்போது சரிந்து விழுந்து இறந்துபோனார். அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், அதன்பின் நீர் வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைப் பரிசோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய முறையிலேயே இருக்கின்றன. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை: ஒருவர் செத்த பிறகும் தொடரும் ஒரு வழக்கத்தை, விளையாட்டின் ஒரு பகுதி என்று சொல்லக் கூடாது.

எடையைத் தவறவிட்டால் சம்பளத்தில் 20 அல்லது 30 சதவீதம் எதிராளிக்குப் போகும். அதனால்தான் உயிரைக் கொடுத்தும் தராசில் ஏறுகிறார்கள்.

பணம்

பெரும்பாலான ஒப்பந்தங்களில் சம்பளம் இரண்டு துண்டாக இருக்கும். கூண்டுக்குள் வந்ததற்கு ஒரு துண்டு, வென்றால் அதே அளவு இன்னொரு துண்டு. யூ.எஃப்.சி.யில் புதிதாகச் சேருபவருக்கு அண்மை ஆண்டுகளில் 10,000 + 10,000 அல்லது 12,000 + 12,000 டாலர் என்பது வழக்கமான தொடக்கம்.

ஒரு கணக்குப் போடுவோம். 12,000-க்கு ஒப்பந்தம் போட்டவர் மூன்றாவது ரவுண்டுவரை சமமாகச் சண்டையிடுகிறார். கடைசி ரவுண்டை ஒரு நடுவர் 10–9 என்று மாற்றிப் போட்டதால் தோற்கிறார். கையில் 12,000. மேனேஜருக்கு, பயிற்சிக் கூடத்துக்கு என்று ஆளுக்குப் பத்து சதவீதம் போல எடுத்தால் 9,600. கேம்ப்பில் உணவு நிபுணர், கூடுதல் கோச்சின் பயணம், பயிற்சித் துணைகள், பிசியோதெரபி. பிறகு வரி. ஆண்டுக்கு இரண்டு சண்டைதான் கிடைக்கும் என்றால், தோற்ற வருடம் கையைக் கடிக்கும். அந்த நடுவர் எதிர்ப்பக்கம் 9 போட்டிருந்தால் வருமானம் அப்படியே இரட்டிப்பு. மேலே சொன்ன 10-க்கும் 9-க்கும் உள்ள தூரம் இதுதான்.

சிறந்த சண்டைக்கும் சிறந்த வெற்றிக்கும் தரும் போனஸ் பல ஆண்டுகளாக 50,000 டாலராக இருந்தது. அதனால் அடிபட்டாலும் பரவாயில்லை, கூட்டம் எழுந்து நிற்கும்படி சண்டையிட வேண்டும் என்ற தூண்டுதல் கீழ்ப்படி வீரர்களுக்கு மிக அதிகம். பாதுகாப்பாக ஆடி வெல்பவருக்கு அந்தப் பணம் வராது.

சட்டப்படி இவர்கள் ஊழியர்கள் அல்ல, சுயேச்சையான ஒப்பந்ததாரர்கள். மாதச் சம்பளம் இல்லை, தொழிற்சங்கம் இல்லை. ஆனால் ஒப்பந்தம் இருக்கும்வரை வேறு நிறுவனத்தில் சண்டையிடவும் முடியாது. இதை எதிர்த்து 2014 டிசம்பரில் முன்னாள் வீரர்கள் யூ.எஃப்.சி. மீது வழக்குத் தொடுத்தார்கள். வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வீரர்களுக்குப் போகிறது என்பது அந்த வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகில் அது பாதியை ஒட்டி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 37.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது.

வேறு வழிகளும் உண்டு. பி.எஃப்.எல். என்ற இன்னொரு எம்.எம்.ஏ. நிறுவனம் பல ஆண்டுகள் லீக் முறையில் போட்டி நடத்தி, பருவத்தின் இறுதியில் வெல்பவருக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. ஸ்டீப்பே மியோசிச் வேறு வழியில் போனார்: ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோதே தீயணைப்பு வீரர் வேலையை விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தொழில் முடிவு அது. சண்டை இல்லாத மாதத்திலும் சம்பளம் வரும், சண்டை முடிந்துபோன வயதிலும் வேலை இருக்கும்.

எப்போது முடிகிறது

நாக் அவுட் ஆனவருக்கு மருத்துவ இடைநீக்கம் வரும். 30, 60 நாள், எலும்பு முறிவு போன்றவை என்றால் 180 நாள்வரை சண்டை கூடாது. அந்த நாள்களில் வருமானமும் கிடையாது. ஆகவே வலியை மறைப்பது இத்தொழிலின் பழக்கமாகிவிட்டது. மைக்கேல் பிஸ்பிங் 2013-ல் வாங்கிய அடியில் வலக்கண் விழித்திரை பிரிந்து, அந்தக் கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்தார். அதை மறைத்துக்கொண்டே தொடர்ந்தார். 2016-ல் மூன்று வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் பட்டச் சண்டைக்கு அழைப்பு வந்தது. ஒப்புக்கொண்டு, முதல் ரவுண்டிலேயே லூக் ராக்ஹோல்டை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். அந்த வெற்றி சிலிர்க்க வைக்கிறது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

மூளைக்கு ஏற்படும் சேதம் மெதுவாக வெளிவருவது. இறந்த பிறகு நடந்த பரிசோதனையில், தொடர்ந்து தலையில் அடி வாங்குவதால் வரும் சி.டி.ஈ. நோய் ஜோர்டன் பார்சன்ஸ் என்ற வீரருக்கு இருந்தது 2016-ல் வெளியே தெரிந்தது. சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. கிளீவ்லாந்து கிளினிக் 2011 முதல் தொழில்முறைச் சண்டை வீரர்களின் மூளையை ஆண்டுதோறும் பரிசோதித்து ஆய்வு நடத்திவருகிறது.

35-ஐ ஒட்டிப் பெரும்பாலோருக்கு வேகம் குறையும். தாடை முன்போல் தாங்காது. விலக்குகள் உண்டு: குளோவர் டெஷேரா 2021-ல் 42 வயதில் சாம்பியன் ஆனார். கபீப் 2020 அக்டோபரில் கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவே வைத்துவிட்டு 29–0 என்று விடைபெற்றார், 32 வயதில். ஓய்வூதியம் என்பது இத்துறையில் புதிய சொல். கலிஃபோர்னியா மாநிலம் 2023-ல்தான் எம்.எம்.ஏ. வீரர்களுக்கான ஓய்வூதிய நிதிக்குச் சட்டம் இயற்றியது.

பெரும்பாலோர் கையுறையைக் கழற்றி வைப்பதில்லை. இரண்டு, மூன்று தோல்வி தொடர்ந்து வரும். பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும். வேறு வேலை தெரியாது, வாடகை கட்ட வேண்டும். தொடங்கிய இடத்துக்கே, அந்தச் சிறு அரங்குகளுக்கே திரும்புகிறார்கள். இப்போது அவர் பெயருக்கு அடியில் 21–13 என்று இருக்கும். சுவரொட்டியில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கும், பழைய புகழுக்காக. எதிர் மூலையில் 4–0 என்று ஒரு 23 வயது இளைஞர் குதித்துக்கொண்டிருப்பார். அந்த இளைஞரை அங்கே நிறுத்திய மேனேஜருக்குத் தெரியும், அந்த ஐந்தாவது வெற்றி யார் மீது கிடைத்தால் மேலிருந்து அழைப்பு வரும் என்று.